விக்குக்காரருக்குச் சந்தனப் பொட்டு

எங்கள் வீட்டில் பல வருடங்களாக ஒரு செத்த மனிதர் குடியிருந்தார். சோறு தண்ணி கேட்கமாட்டார், சத்தம் மட்டும்தான். ஜெர்மன் தேசத்தில் முந்நூறு வருடத்துக்கு முன்னால், பரோக் காலத்தில் வாழ்ந்த இசையமைப்பாளர். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு உச்சரிக்க உலகத்தில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, நான் ஒருத்தி சொல்லாவிட்டால் அவர் குறைந்து போய்விடவும் மாட்டார். நான் அவரை விக்குக்காரர் என்றுதான் சொல்வேன். மகளின் அறைச் சுவரில், வெள்ளைப் பொய்முடியோடு, கறியில் உப்பில்லை என்று சொல்ல வாயெடுப்பவர் மாதிரி முறைத்துக்கொண்டு தொங்குவார்.

மகள் எட்டு வயதில் செல்லோவை, வில்லால் இழுக்கிற பெரிய வயலின் மாதிரியான வாத்தியத்தை, கட்டிப்பிடித்தவள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியம் வேண்டும் என்று கேட்டார்களாம். தன்னைவிடப் பெரிதாக எது நின்றதோ அதைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு சுவிஸில், பாடன் நகரத்தில் எங்கள் சின்ன வீட்டில் நான் வெங்காயம் வெட்டியதும் வதக்கியதும் கறியை இறக்கியதும் விக்குக்காரரின் சத்தத்தில்தான். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். எனக்குக் கொஞ்சம் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் பிழை விட்டுவிட்டு மறுபடி முதலில் இருந்து தொடங்குவாள். இப்படித்தான் வாழ்நாள் முழுக்க ஆட்களை வதைக்கவென்று அந்த மனுசர் எழுதி வைத்திருக்கிறார் என்று நினைப்பேன்.

மேல்வீட்டுச் சுவிஸ்கார அம்மா ஒருவர் இருக்கிறார். நான் மத்தியானம் சின்ன உரலில் நாலு ஏலக்காய் இடித்தால் போதும், கதவைத் தட்டி, இது கட்டிடத்தில் சத்தம் போடக் கூடாத ஓய்வு நேரம் என்று ஞாபகப்படுத்துவார். செல்லோவுக்கு ஒருநாளும் வாய் திறந்ததில்லை. உரல் இடித்தால் சத்தம், வில் இழுத்தால் கலாசாரம். ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, “உங்கள் ஆட்களின் ரத்தத்திலேயே இசை இருக்கிறது” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். எங்கள் ரத்தத்தில் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் டொக்டர் வருடா வருடம் சொல்லுகிறார். என் பிள்ளைக்கு இசை வந்தது விரல் நுனி உரிந்து, தடித்து, திரும்பவும் உரிந்து. அதைப் பார்த்தவள் நான். ஆனால் அந்த அம்மாவிடம் “நன்றி” என்றுதான் சொன்னேன்.

எங்கள் சனம் மட்டும் திறமோ என்றால், அதுவும் இல்லை. பிள்ளை நல்ல புள்ளிகள் எடுத்து, டொக்டருக்குப் படிக்காமல் லுசேர்ணில் இசைப் பள்ளிக்குப் போனதும் கலியாண வீடுகளில் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. ஆருக்கோ வருத்தம் வந்து படுக்கையில் கிடக்கும் வீட்டில் விசாரிப்பது போல, “இப்பவும் உதைத்தான் வாசிக்கிறாவோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “ஓம், இன்னும் மாறேல்லை” என்பேன். அப்படிக் கேட்டவர்களின் பிள்ளைகள் எல்லாம் மருந்து கண்டுபிடித்து உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம்.

என்னுடைய அவர் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். பகலில் தொழிற்சாலையில் மெசின் பார்க்கும் மனுசர், சனி ஞாயிறில் மைக் பார்ப்பார். கலியாணம், செத்தவீடு, விளையாட்டுப் போட்டி, எதுவானாலும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்பார்கள், அவர் இரண்டு வார்த்தையில் ஒருநாளும் நிறுத்தியதில்லை. கெட்ட மனுசர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மகள் சின்னவளாக இருந்த காலத்தில் அந்தப் பெரிய பெட்டியைப் பனியிலும் மழையிலும் முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறியவர் அவர்தான். ஆனால் பெட்டியைத் தூக்கினாரே ஒழிய, அதில் இருந்து வந்ததை ஒருநாளும் முழுதாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடக் கச்சேரி என்றால் கார் விட இடம் தேடிப் போய்விடுவார். லுசேர்ணில் என்றால் மண்டப வாசலில் போனும் காதுமாக நிற்பார். கதவு திறந்து சனம் வெளியே வரும்போது, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதோ?” என்று கேட்பார். ஒப்பரேசன் அறைக்கு வெளியில் நிற்பவர் கேட்பதுபோல.

மகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அப்பா ஒருக்கால், ஒரே ஒருக்கால், இருந்து முழுதாகக் கேட்க வேண்டும். அதை அவரிடம் நேரே கேட்கமாட்டாள். ரோசக்காரி, என்னைப்போல.

போன வருடம் சங்கத்தின் ஆண்டு விழா வந்தபோது அவளாகத்தான் சொன்னாள். “அம்மா, நான் எங்கடை விழாவிலை வாசிக்கிறன். அப்பா தலைவர்தானே, முன்வரிசையிலை இருக்கத்தானே வேணும். எழும்பி ஓடேலாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற தகப்பனைக் கேட்க வைப்பதற்குப் பிள்ளை பொறி வைக்க வேண்டியிருக்கிறது.

என்ன வாசிக்கப் போகிறாள் என்று கேட்டேன். விக்குக்காரர்தான், வேறு யார். தனிச் செல்லோவுக்கென்று எழுதியது. ஆறு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு அமைதி, பிறகு அடுத்தது. ஆறும் சேர்ந்தால்தான் ஒன்று. குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டு நான் இதைக் கேட்கும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த மனுசர் தன் கையால் எழுதிய தாள் இன்றைக்கு இல்லையாம், தொலைந்து போயிற்றாம். அவருடைய இரண்டாவது மனுசி பிள்ளைகளையும் பார்த்து, வீட்டையும் பார்த்து, இருந்து பிரதி எடுத்து வைத்த தாள்தான் மிஞ்சியிருக்கிறது. மனுசர் செத்த பிறகு அந்த மனுசி ஊராரின் தர்மத்தில் சீவித்துச் செத்தாவாம். வளர்ந்து ஆளான மகன்மாருக்குத் தகப்பனின் பெயர் தேவைப்பட்டதாம், அந்த மனுசி தேவைப்படவில்லையாம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு விக்குக்காரரை மன்னிக்கவில்லை, ஆனால் அந்த மனுசிக்காக அந்த ஆறு துண்டையும் கேட்கலாம் என்று நினைத்தேன்.

விழாக் குழு கூடியது. சும்மா பிள்ளை வந்து வாசித்துவிட்டுப் போனால் சனத்துக்கு ஆள் யாரென்று விளங்காது, ஆகவே வாசிப்புக்கு முன்னால் ‘வாழ்வும் பணியும்’ என்று ஒரு சிறப்புரை வேண்டும் என்று முடிவு செய்தார்கள். உரையை யார் ஆற்றுவது என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரும் மூளையைக் கசக்கத் தேவையிருக்கவில்லை.

அடுத்த நாளே தொடங்கிவிட்டார். மகளின் கச்சேரி ஒன்றையும் கேளாத மனுசர், மகள் வாசிக்கிற ஆளைப் பற்றிப் படித்துத் தள்ளினார். வேலையால் வந்து, கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவார். பத்து வயதில் தாயும் தகப்பனும் இல்லாமல் போனது, ஒரு ஓர்கன் வாத்தியக்காரரைக் கேட்பதற்காக வாரக்கணக்கில் நடந்து போனது, வேலையை விட்டுப் போகக் கேட்டதற்குப் பிரபு அவரைப் பிடித்து மறியல் வீட்டில் அடைத்தது, கண் தெரியாமல் போனது, செத்த பிறகு சனம் மறந்தது, பிறகு எடுத்துத் தலையில் வைத்து ஆடியது. நான் ஒரு கறிச் சட்டியோடு குறுக்கே போகும்போது சொன்னேன்:

“இஞ்சாருங்கோ, அந்தாளின்ரை மனுசியைப் பற்றியும் சொல்லுங்கோ. அவதான் எழுதி வைச்சவவாம். அது இல்லையெண்டால் எங்கடை பிள்ளை வாசிக்க ஒண்டுமில்லை.”

“அது குடும்ப விசயமப்பா. மேடையிலை ஏன்?”

“இருபது பிள்ளை பெத்ததைச் சொல்லுறீங்கள், அது என்ன கோயில் விசயமோ?”

“அது சாதனை” என்றார்.

விழா ஞாயிறு மத்தியானம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் லீவு சொல்லிவிட்டு, காலையிலேயே மண்டபத்துக்குப் போனேன். மேடையில் விளக்கு, நிறைகுடம் எல்லாம் வைத்தாயிற்று. அதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் வெள்ளைத் துணி, துணியின் மேல் விக்குக்காரரின் படம். படத்துக்கு மாலை. அதுவும் காணாது என்று குழுவில் ஒரு அண்ணை பயபக்தியோடு சந்தனத்தைக் குழைத்து, அந்த வெள்ளை விக்குக்குக் கீழே நெற்றியில் ஒரு பொட்டும் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார். தேவாலயத்துக்கே உழைத்துச் செத்த மனுசர், கடைசியில் எங்களுக்குச் சைவமாகிவிட்டார். மகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒருக்கால்தான்.

விளக்கேற்றினார்கள். பிறகு எல்லோரும் எழும்பி நின்று விக்குக்காரருக்கு அகவணக்கம் செலுத்தினார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது அந்த மனுசர் செத்து, எங்களுக்கு இப்போதுதான் செய்தி கிடைத்ததுபோல நின்றோம். பிறகு என்னுடைய அவர் மைக்கைப் பிடித்தார்.

நன்றாகத்தான் பேசினார், அதுதான் எரிச்சல். பிரபு விடவில்லை, மறியலில் போட்டான் என்ற இடத்தில், “அவருக்கும் எங்களை மாதிரிப் பெர்மிட் பிரச்சினைதான்” என்றார். அகதி முகாமில் வருடக்கணக்கில் கிடந்து, இந்த நாட்டில் இருக்கப் பெர்மிட் எடுத்த சனம், மண்டபமே அதிரச் சிரித்தது. இருபது பிள்ளைகள் என்றதும் கைதட்டினார்கள். அதில் பாதிப் பிள்ளைகள் செத்துப் போனதைச் சொல்லும்போது கைதட்டி முடியவில்லை, அதனால் யாருக்கும் கேட்கவில்லை. ஓர்கனைக் கேட்க நடந்த தூரத்தை அவர் குரல் தழுதழுக்கச் சொன்னபோது எனக்கு எழும்பிப் போகலாம் போலிருந்தது. ஊரைவிட்டு ஒரே ராத்திரியில் பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் அந்த மண்டபத்தில் எத்தனை! அதற்கெல்லாம் யார் தழுதழுத்தார்கள். கடைசியில், “இந்த மாமனிதர் எங்கடை மண்ணிலை பிறந்திருந்தால் நாதஸ்வரத்துக்கெல்லோ எழுதியிருப்பார்!” என்று முடித்தார். கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. மனுசியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பிறகு மகள் வந்து கதிரையில் இருந்தாள். கறுப்புச் சேலை, காலுக்கு நடுவில் செல்லோ. அவர் இறங்கி வந்து முன்வரிசையில், எனக்குப் பக்கத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன் சட்டைப் பையில் கிடந்தது. பொறியில் விழுந்துவிட்டார் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அவள் வில்லை வைத்தாள்.

எத்தனை ஆயிரம் தரம் கேட்ட சத்தம் அது! ஆனால் அன்றைக்கு அவள் பிழை விடவில்லை. நிறுத்தவில்லை, திரும்பத் தொடங்கவில்லை. எனக்குப் பிடிக்கத் தொடங்கும் அந்த இடம் வந்தது, தாண்டிப் போனது, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று முதல் தரமாகக் கேட்டேன். மண்டபமும் அடங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி இருந்தார்கள். பின்னால் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எண்ணெய்க் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உண்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அந்த மனுசரில் எனக்கு அவ்வளவு ஆசை வந்த நேரம் குறைவு.

முதல் துண்டு முடிந்தது. மகள் வில்லை நரம்பிலிருந்து எடுத்து, அப்படியே காற்றில் பிடித்தபடி, கண்ணை மூடி ஒரு மூச்சு எடுத்தாள்.

எங்கள் விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஏறிய யாரும் பொன்னாடை இல்லாமல் இறங்கக் கூடாது. போர்த்துகிறவர் தயாராக நிற்பார், சத்தம் நின்றவுடன் பாய வேண்டும், பிந்தினால் அடுத்த நிகழ்ச்சி பிந்தும். சத்தம் நின்றது. அறிவிப்பாளர் மைக்கில், “அற்புதம்! அற்புதம்! பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கும்படி எமது தலைவரை அன்புடன் அழைக்கின்றோம்” என்று கத்தினார். என் கை நீளுவதற்குள் அவர் மேடையில் நின்றார். சரிகை போட்ட சிவப்புப் பொன்னாடையை விரித்து மகளின் தோளில், வில்லுப் பிடித்த கையோடு சேர்த்துப் போர்த்தினார். கமராக்காரர் “இஞ்சை பாருங்கோ” என்றார். பிள்ளை கண்ணைத் திறந்து, பொன்னாடைக்குள்ளிருந்து வில் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கமராவைப் பார்த்தாள். மற்றப் பக்கத்தால் சலங்கை கட்டிய பிள்ளைகள் அடுத்த நடனத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். யாரோ அவளுடைய கதிரையைத் தூக்கினார்கள். மிச்சம் ஐந்து துண்டும் அவள் மடியிலேயே கிடந்தன.

நான் மேடைக்கு ஓடினேன். இன்னும் இருக்கிறது, முடியவில்லை என்று சொல்லத்தான் ஓடினேன். திரைக்குப் பின்னால் மகள் என் கையைப் பிடித்து நசித்தாள். “விடுங்கோ அம்மா. அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் வெக்கப்படுவார்.” பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, “லுசேர்ணிலை படிப்பு முடியிற கடைசிச் சோதனைக்கு இதைத்தான் வாசிப்பன். வந்து கேட்டு, தானாத் தெரிஞ்சுகொள்ளட்டும்” என்றாள்.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவர் குதூகலமாக இருந்தார். “நல்லாத்தான் வாசிச்சனி பிள்ளை. ஆனால் அந்தாள் உவ்வளவு பெரிய மனுசர், உவ்வளவு சின்னதாவோ எழுதினவர்?” என்று கேட்டார்.

பின் இருக்கையில் இருந்த மகள், “ஓம் அப்பா” என்றாள். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் கார் ரோட்டை விட்டு இறங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உச்சம். உரையை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பெர்மிட் பகிடியும் இருபது பிள்ளையும் சுவிஸ் முழுக்கச் சுற்றின. ஒவ்வொரு ஊர்ச் சங்கமாகக் கூப்பிட்டது. மகள் வாசிக்கிற ஆளைப் பற்றிப் பேசுவதற்கு மகளின் தகப்பன் ஊர் ஊராகப் போனார். போன இடமெல்லாம் படத்துக்கு மாலை, பொட்டு. ஒரு இடத்திலும் ஒரு செல்லோ இல்லை. விக்குக்காரரின் இசை இல்லாமலேயே அவருடைய புகழ் எங்கள் சனத்துக்குள் ஓங்கியது. அவர் விட்டுப் போன சொத்து என்னவென்று கேட்டால், எங்கள் ஆட்கள் ‘இருபது பிள்ளைகள்’ என்பார்கள்.

மகளின் கடைசிச் சோதனைக் கச்சேரிக்கு நாள் வந்தது. இரண்டு இருக்கை பிடித்து வைத்திருந்தாள், முன்வரிசையில். நான் அவரிடம் சொன்னபோது நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, “அண்டைக்கு லோசானிலை பேச்செல்லோ” என்றார்.

“பேச்சை மாத்துங்கோ.”

“நோட்டீஸ் அடிச்சிட்டாங்களப்பா. அதே துண்டுதானே வாசிக்கிறா?”

“அதேதான்.”

“அதை நான் அண்டைக்குக் கேட்டனான்தானே” என்றார்.

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவேண்டாம் என்று மகள் கேட்டதற்காக விழுங்கினேன். அது மட்டுமில்லை, அந்தக் கணத்தில் எனக்கு அவரில் வந்த வெறுப்பும் சேர்ந்துதான் வாயை மூடியது. கேட்க மனமில்லாத மனுசருக்கு எத்தனை துண்டென்று எண்ணிக் காட்டி என்ன பயன்.

தனியாகப் போனேன். பாடனிலிருந்து லுசேர்ணுக்கு ரயிலில் போகும்போது மடியில் ஒரு பெட்டி பற்றிஸ், அவளுக்கு வாசித்து முடியப் பசிக்கும். மண்டபத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. மகள் மேடைக்கு வந்ததும் முதலில் பார்த்தது அந்த இருக்கையைத்தான். பார்த்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் குனிந்து ஒரு வேலை செய்தாள். செல்லோவின் அடியில் ஒரு இரும்பு முள் உண்டு, வழுக்கும் தரையில் அது ஓடாமல் இருக்க வார் ஒன்றைக் கதிரைக் காலில் கட்டி, அதில் குத்தி வைப்பார்கள். அவள் வார் கொண்டு வரவில்லை. சிவப்புப் பொன்னாடையை முறுக்கிக் கதிரைக் காலில் கட்டி, மற்ற நுனியில் முடிச்சுப் போட்டு, அந்தச் சரிகை முடிச்சுக்குள் முள்ளைக் குத்தினாள். சுவிஸ்காரர்கள் ஏதோ கீழைத்தேயச் சடங்கு என்று நினைத்து மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு மட்டும்தான் விளங்கியது. சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

ஆறு துண்டும் வாசித்தாள். ஒவ்வொன்றும் முடிந்து வில் காற்றில் நின்றபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. ஒரு இருமல் இல்லை, பொன்னாடை இல்லை. அந்த அமைதிகளில்தான் பக்கத்து இருக்கை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நாலாவது துண்டு மெதுவானது, வீட்டில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது. அதைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு இருந்து பிரதி எடுத்த அந்த மனுசியை நினைத்தேன். விக்குக்காரரை நினைக்கவே இல்லை.

கச்சேரி முடிந்து, எல்லோரும் அவளைச் சூழ்ந்து, அதில் இரண்டு பேர் அவளுடைய ஜெர்மன் நன்றாக இருக்கிறது என்று பாராட்டி முடித்த பிறகு, நாங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறினோம். அவள் பற்றிஸ் தின்றாள். மடியில் வைத்து, பொன்னாடையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவர்தான்.

“எங்கை நிக்கிறீர்? வீட்டுக்கு அடிச்சன், ஒருத்தரும் எடுக்கேல்லை.”

“ரயிலிலை.”

“இப்பவோ? அது சின்னத் துண்டெல்லோ. உவ்வளவு நேரம் என்ன செய்தனீர்?”

மகள் என்னைப் பார்த்தாள். தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று.

“கைதட்டி முடிய நேரமெடுத்தது” என்றேன்.

“இஞ்சையும் அப்பிடித்தான்!” என்றார், குரலில் அவ்வளவு சந்தோசம்.

மகள் கையை நீட்டிப் போனை வாங்கினாள். “அப்பா, இண்டைக்காவது அந்தாளின்ரை மனுசியைப் பற்றிச் சொன்னீங்களோ?”

“நேரம் காணேல்லைப் பிள்ளை” என்றார், ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு வந்த மனுசர்.